விலகி நின்ற புள்ளி

திரையில், நோயாளிக்கு ஒன்றாக இருந்த புள்ளிகள் எல்லாம் கீழே குவிந்து கிடக்க, ஒன்று மட்டும் உச்சியில் தனியாக நின்றது.

"இந்த ஒண்ணுதான்க்கா என் உயிரை வாங்குது" என்றான் அவன். முனைவர் பட்டம் முடித்த கையோடு, புற்றுநோய் மருந்துகளைக் கணினியில் அலசும் வேலைக்கு வந்தவன். சோதனையில் தோற்றுப்போன ஒரு பழைய மாத்திரை யாருக்காவது பலித்ததா என்று அவன் சொல்ல வேண்டும். இல்லை என்று இன்று அறிக்கை போனால், அந்த மாத்திரைக்கு மூடுவிழா.

அடுத்த குழுவின் புள்ளியியல் நிபுணர், அந்தத் தளத்துக்கே அக்கா, எட்டிப் பார்த்தாள்.

"அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"ஒன்பது வருஷமா உயிரோட இருக்காம். மத்தவங்க ஒருத்தரும் ரெண்டு வருஷம் தாண்டல. செத்த தேதியை ஏத்த மறந்திருப்பாங்க. தூக்கிட்டா கணக்கு சுத்தமாயிடும்."

"ஆஸ்பத்திரியில விசாரிச்சியா?"

"பேரே கிடையாது, யாருன்னு விசாரிக்கிறது? வெறும் அறுபத்திரண்டாம் நம்பர். பொம்பளை, அப்போ வயசு முப்பத்தொண்ணு, இடது நுரையீரல். போய்ச் சேர்ந்திருக்கும், பாவம்."

அவன் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடா. அந்த மாத்திரையைக் கொடுத்த வார்டுல என்னை அறுபத்திரண்டுன்னுதான் கூப்பிடுவாங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"என்ன முழிக்கிறே? அறிக்கையை நிறுத்தி வை. மத்தவங்க மரபணுவுல இல்லாதது என்கிட்ட என்ன இருக்குன்னு முதல்ல தேடு."