மூன்று கிலோ

"மூணு கிலோவ எந்தக் கட்டையில போறவன் தின்னான்னு நீயே வந்து கேளு, நிரஞ்சலா!"

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் வீசிவிட்டு விஜயலெட்சுமி உள்ளே வந்தார். மகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டுக் கதவோரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் மழை வரும்வரைதான்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. இந்தா ஏறிக்கிட்டு இருக்கு."

"தராசுல இருவதுன்னு செவப்பு எழுத்துல தெரியுது. கணக்கப்புள்ள ஃபோன்ல பதினேழுன்னு பதியுது. பதினெட்டு இல்லன்னா அரைப்பேருதானாம். நாள் பூரா மலையில நின்னவளுக்கு அரை நாள் வேலை! இந்த மாசத்துல இது அஞ்சாவது."

"கழிக்கக் கூடாதுன்னு போன வருசமே பேசி முடிச்சீங்களே?"

"முடிச்சோம். கூடை எடைக்கும் எலையில நிக்கிற தண்ணிக்கும்னு காலங்காலமா மூணு கழிச்சாங்க. சண்ட புடிச்சு நிப்பாட்டுனோம். இந்த டிஜிட்டல் தராசு வந்த அன்னையில இருந்து மறுபடி அதே மூணு."

நிரஞ்சலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தோட்டத்துத் துரை சொல்லியிருப்பாரு, தராசுக் கம்பெனிக்காரன் போட்டிருப்பான். கொழுந்துக் கூடைய கண்ணாலயும் பாக்காத எவனோ கொழும்புல ஏசி ரூம்ல ஒக்காந்து எழுதியிருப்பான். நாளைக்கு நான் வர்றேன். உண்டு இல்லன்னு பண்ணிடுறேன்."

அதற்குள் திரையில் பச்சை விழுந்தது.

"ஏறிருச்சும்மா!"

"என்னதுடி அது?"

"பெக்கேஜ். கெம்பஸ்ல படிக்கிறப்ப செஞ்சு வெளியிட்டது. இப்பத் திருத்தி மறுபடி விட்டிருக்கேன். நம்ம ஃபெக்டரில தூளப் பேக் பண்ணி அனுப்புறோம்ல, அது மாதிரிதான். யாரு வேணும்னாலும் சும்மா எடுத்து அவங்க ஆப்புக்குள்ள வச்சுக்கலாம்."

"அது என்ன செய்யும்?"

"கணக்குப் போடும்."

விஜயலெட்சுமியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கணக்கு ஒனக்குச் சின்னதுலயே வரும். எடை போடுற மடுவத்துல என் சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்ப. தராசு இருவத்தொண்ணு காட்டுனா, கணக்கப்புள்ளைக்கு முந்தி நீ பதினெட்டுன்னு கத்துவ."

"இதுவரைக்கும் ஆயிரத்து எழுநூறு தடவ எடுத்திருக்காங்கம்மா. யாரு, எவருன்னு தெரியாது. அதுக்கு ஒங்க பேரத்தான் வச்சிருக்கேன்."

"எம்பேரா? சீமையில எல்லாம் எம்பேரு போகுமா?"

அரைப்பேர் வாங்கி வந்த மனுஷிக்கு அந்த நிமிடம் மூன்று கிலோ மறந்தே போனது. தேநீர் ஊற்றி மகளுக்கும் கொடுத்தார். நிரஞ்சலாவும் பெருமையாகவே குடித்தாள். வெளியிடுவதற்கு முன் நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் ஓட்டியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை.

மறுநாள் பகல், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு சூழ்ந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை வடிவேல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"கழிக்க வேணாம்னு துரை எழுதிக் கொடுத்தாரா இல்லையா, ஐயா?" நிரஞ்சலா கேட்டாள்.

"கொடுத்தாரு புள்ள. இந்தா, கடிதாசி என் சட்டைப் பையிலயே இருக்கு. அவரும் கழிக்கச் சொல்லல, நானும் கழிக்கல. அதுவாக் கழிக்குது. கம்பெனிக்கு நாலு தடவ அடிச்சுட்டேன். நீ படிச்ச புள்ள, நீயே பேசு."

அவர் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஃபோனை அவளிடம் நீட்டினார். மறுமுனையில் றில்வான் என்றொரு இளைஞன் பேசினான்.

"நேத்துத்தான் கண்டுபிடிச்சோம், மிஸ். எடைக் கணக்குப் போடுற பகுதி நாங்க எழுதினதில்ல. இன்டர்நெட்ல சும்மா கிடைச்ச பெக்கேஜ். வேற எதுவும் சொல்லலன்னா மூணு கிலோ கழிக்கணும்னு அதுக்குள்ளேயே எழுதியிருக்கு."

"அதப் பாக்காமலா தராச வித்தீங்க?"

"பார்த்தோம் மிஸ். தோட்டத்தப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆள்தான் எழுதியிருக்கணும்னு கை வைக்காம விட்டுட்டோம். ஆப்ல 'விவரம்' பக்கத்துல பெக்கேஜ் பேரு இருக்கு, பாருங்க."

நிரஞ்சலா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி நிக்கிற?" விஜயலெட்சுமி தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்தக் கட்டையில போறவன் வச்ச பேரு என்ன? சத்தமாப் படி, நாலு பேரு கேக்கட்டும்!"

பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். நிரஞ்சலாவுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ஒங்க பேருதாம்மா."