பத்தாம் இடத்தில் இருவர்

"ஐயா, பத்தாம் இடத்துல சனியும் செவ்வாயும் சேர்ந்திருந்தா வேலை போயிடுமா?"

கேள்வி திரையில் வந்து விழுந்தது. கூடவே பிறந்த தேதி, நேரம், ஊர். கேட்பவரின் சொந்தப் பெயரை அந்த ஜோதிடச் செயலி காட்டாது. 'வழிப்போக்கன்' என்று அவரே வைத்துக்கொண்ட பெயர் மட்டும் தெரிந்தது.

'ஐயா'வுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வேதியியல் பட்டதாரி. திரையில் அவளுக்கு வெண்தாடிப் பெரியவர் ஒருவரின் படம். பக்கத்து நாற்காலி மீசைக்காரனுக்கு 'அருள் அம்மா' என்று பெயர். கட்டத்தைக் கணினியே போட்டுவிடும்; பலனையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். அதை மனிதர் பேசுகிற மாதிரி தட்டி அனுப்புவதுதான் இவர்கள் வேலை. நிர்வாகத்தின் கட்டளை ஒன்றே ஒன்று: யாரையும் கைவிரித்து அனுப்பக் கூடாது. நல்ல காலத்தை அடுத்த பெயர்ச்சிக்குத் தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் திரும்பி வருவார்கள்.

கட்டம் விரிந்தது. மேலே இருந்த பிறந்த நேரத்தைப் பார்த்தாள். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"என்ன தாத்தா, கிரகம் கடிச்சிருச்சா?" என்றான் மீசைக்காரன்.

"சும்மா இருங்க." நாற்காலியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஜோசியத்துக்கு எதுக்குங்க வெள்ளைக் கோட்டு? ஊசி போடப் போறீங்களா?"

"ஏசி குளிருது."

பிறகு மெதுவாகத் தட்டினாள். "சனி பிரேக். செவ்வாய் ஆக்ஸிலரேட்டர். ரெண்டையும் சேர்த்து மிதிச்சா வண்டி நகராது, இன்ஜின் மட்டும் கொதிக்கும். வேலை போய் எத்தனை நாளாச்சு?"

"நாலு மாசம் ஐயா. வீட்டுல தெரியாது."

'வீட்டுல தெரியாது' என்ற இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் எங்க போறீங்க?"

"சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு நேரத்துக்குக் கிளம்பிடுவேன். ஸ்டேஷன் பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பேன். சாயங்காலமானா வீடு. ஒரு இன்டர்வியூல வயசு அதிகம்ங்கறான். அடுத்ததுல அனுபவம் பத்தாதுங்கறான். ஒரே ஆளு எப்படி ஐயா ரெண்டாவும் இருக்க முடியும்?"

கணினி எடுத்துக் கொடுத்த பலனில் இல்லாததை அவள் எழுதினாள். "மனைவிகிட்ட சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லுங்க. ஏழாம் இடம் பலமா இருக்கு. அவங்க தாங்கிக்குவாங்க."

"ஐயோ, அது மட்டும் முடியாது. அவளுக்கு நல்ல வேலை. தலை நிமிர்ந்து கிளம்பிப் போவா பாருங்க, அதைப் பாத்துதான் நானும் காலையில எந்திரிக்கிறேன். எனக்குப் பிடிமானம்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் ஆடிப்போச்சுன்னா நான் அவ்வளவுதான்."

அவள் எதையோ தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன். சாப்பிட்டீங்களா?"

"இல்லை. டப்பாவைத் திறக்கவே மனசு வரலை. சும்மா உட்கார்ந்திருக்கறவனுக்குச் சோறு ஒரு கேடான்னு இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க. திறந்து சாப்பிடுங்க. முட்டை கெட்டுப்போயிடும்."

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள். மறுபக்கத்திலிருந்து பதில் சரசரவென்று வந்தது.

"ஐயா! டப்பாவுல முட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய் காட்டிக் கொடுத்துட்டார்."

"இதையெல்லாம் நம்பறவங்களைக் கேலி பண்ணினவன் ஐயா நான். கையெடுத்துக் கும்பிடறேன். சொல்லுங்க, எனக்கு எப்ப விடியும்?"

கட்டத்தை உற்றுப் பார்த்தாள். பத்தாம் இடத்தில் அந்த இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"அடுத்த பெயர்ச்சிக்கு," என்று தட்டினாள்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அய்யய்யோ, தாத்தா அழறார்!" என்றான் மீசைக்காரன்.

"ஏசி ஒத்துக்கலை," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தது கணவன்தான். சட்டையில் காலையில் போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது.

"இன்னைக்கு முட்டை நல்லா இருந்துச்சு," என்றான்.

அவள் செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். "அவ்வளவுதானா? வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா?"

"வேற என்ன? ஆபீஸ்ல அதே ஓட்டம். உட்கார நேரமில்லை."

"எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் முகம் வெளிறிப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டான். "என்ன? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

சுவரைப் பிடித்திருந்த அந்தக் கையை அவள் பார்த்தாள்.

"சே, அதெல்லாம் இல்லை. நாளைக்கும் முட்டையே வைக்கட்டுமான்னு கேக்க வந்தேன்."

"இதுக்கா இப்படிப் பயமுறுத்தினே?" அவனுக்கு மூச்சு திரும்பியது. அவள் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை உருவிக்கொண்டான். "கொண்டா, நான் துவைச்சுப் போடறேன். நாள் பூரா ஆசிட்டு நடுவுல நிக்கறவ, கொஞ்சம் உட்காரு."

அவள் வேலை பார்த்த, ஆறு மாதத்துக்கு முன்பே இழுத்து மூடிய ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் கோட்டை வாளியில் நனைத்து, காலரில் அழுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து அவன் சோப்பு போட்டான்.