சுண்டைக்காய்த் தீயல்

தட்டைக் காலி செய்துவிட்டால் வீட்டில் இருக்கலாம். தள்ளிவிட்டால் வாசலில் நிற்கும் காரில் ஏற வேண்டும்.

சிவனணைந்தபெருமாளுக்கு அண்ணன் பாண்டிராஜ் வைத்த நிபந்தனை அவ்வளவுதான். மதுரைப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் பேசிவிட்டுத்தான் மேலகரத்துக்கு வந்திருந்தார். போலீஸ்காரர், பேச்சை நீட்டமாட்டார்.

நிர்மலாதேவி கணவனின் முன்னால் தட்டை வைத்தாள். குழைய வடித்த சோறு. அதன்மேல் தேங்காய் வறுத்தரைத்த குழம்பு, கறுப்பாகச் சுண்டைக்காய்த் தீயல்.

பாண்டிராஜுக்கு முகம் மாறியது.

"ஏம்மா, இன்னைக்குப் போயா கசப்ப வைப்ப? பருப்பக் கடைஞ்சு ஊத்தியிருக்கலாம்லா?"

"அவுகளுக்கு இதுதான் புடிக்கும்" என்றாள் அவள்.

விஷம் வைக்கிறாள் என்று சொல்லித்தான் சித்திரையிலும் வைகாசியிலும் அவன் தட்டுகளைச் சுவரில் எறிந்தான். ஒருநாள் கொதிக்கிற ரசம் அவள் தோளில் விழுந்தது. தழும்பு இன்னும் மறையவில்லை.

மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். முதலில் கால் தள்ளாடியது. பிறகு நாக்கு குழறியது. சிறுமூளை சுருங்குகிற வியாதி, அப்பா வழியில் வந்தது என்றார் டாக்டர். கைகாலோடு நிற்காது, சிலருக்கு இப்படிச் சந்தேகத்தையும் கொண்டுவரும் என்றும் சொன்னார். மாத்திரை எழுதினார்.

சொந்தக்காரர்களுக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. சாரல் தொடங்கியதும், பித்துத் தெளியும் என்று குற்றாலம் ஐந்தருவிக்குக் கொண்டுபோய், இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துக்கொள்ள, தண்ணீருக்குள் அவன் தலையைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தட்டும் பறக்கவில்லை. அருவிதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். மாத்திரை என்று நம்பினாள் நிர்மலா. இரண்டையுமே நம்பாமல் நேரில் பார்க்க வந்தவர் பாண்டிராஜ்.

அவருக்குக் காரணம் இருந்தது. வாசுதேவநல்லூர் வீட்டில் அவர்களுடைய அப்பாவும் இதே சந்தேகத்தில், அம்மா கையால் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே செத்துப்போனார். தூக்கும்போது சின்னப் பிள்ளையின் எடைகூட இல்லை. ஒருபக்கம் தூக்கியது அண்ணன். மறுபக்கம் தம்பி.

சிவனணைந்தபெருமாள் சோற்றில் கை வைத்தான்.

கை வேறெங்கோ போனது. பாதி வேட்டியில் சிந்தியது. மீதி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

நிர்மலா ஊட்டக் கை நீட்டினாள். தட்டிவிட்டான்.

மென்றான். வெளியே சாரல், வீடே குளிர்ந்து கிடந்தது. அவன் நெற்றியில் வியர்த்தது.

விழுங்கும்போது புரையேறியது. இருமி முடித்து, அடுத்த உருண்டையை எடுத்தான். கண் முழுக்க மனைவியின் முகத்தில் இருந்தது. அவளும் பார்வையை எடுக்கவில்லை.

கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றான்.

பாண்டிராஜ் எழுந்து தம்பியின் தோளில் ஓங்கித் தட்டினார். "அருவி அடிச்ச அடியில கிறுக்கு ஓடிட்டு பாத்தியா! ஏலே, எனக்கு மதுர அலைச்சல் மிச்சம்."

கார் தெருமுனையில் திரும்பும்வரை சிவனணைந்தபெருமாள் அசையவில்லை. பிறகு, குழறலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"இன்னைக்கும் நீ வெசம் வச்சிருக்கன்னுதாம்ட்டி தோணிச்சு."

நிர்மலாவின் கையில் எச்சில் தட்டு அப்படியே நின்றது. "அது போயிட்டுன்னுல்லா நெனச்சேன்!"

"ஒருநாளும் போகல. மூணு வேளையும் தோணும்."

"பெறவு எப்படித் தின்னிய?"

"அது சொல்லும். சொல்லிட்டுக் கெடக்கட்டும். அது பேச்சக் கேட்டு எங்கப்பா செத்தாரு. நான் கேக்கமாட்டேன்."

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். கால் இடறியது; நின்றான்.

"ராத்திரிக்கு என்னட்டி வைக்கப் போற?"