இரண்டு கடைக்கு நடுவே

எலக்ட்ரீஷியன் நாலாவது தடவையாகத் தெருவைக் கடக்கிறான். இந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே கண் கூசும் வெளிச்சத்தில் நூறு மோதிரம் இருந்தாலும், எரியாத ஒரே ஒரு பல்பில்தான் அவன் கண் போய் நிற்கிறது. அந்தப் பக்கம் ஒடுங்கிய கடை. ஒரு தட்டில் ஐந்தாறு மோதிரம். "அளவு முன்னப் பின்ன இருந்தா மாத்தித் தர்றேன் தம்பி" என்கிறார் கடைக்காரர். கண்ணாடிக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. அளவுதான் அவனுக்குத் தலைவலி. போன வாரம் மோதிரம் என்று மூச்சுவிடாமல், விளையாட்டுப்போலக் காதலியின் விரலில் வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டவன், கைப்பழக்கத்தில் வயரை இறுக்குவதுபோலவே இறுக்கிவிட்டான். விரல் சிவந்து, கட்டர் வைத்து வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. அளவுக்கென்று அந்தப் பட்டையை நீட்டியபோது கண்ணாடிக் கடைப் பெண், "சின்னப் பிள்ளைக்கா சார்?" என்று கேட்டுவிட்டாள். சட்டைப் பையில் அந்தப் பட்டை குத்திக்கொண்டே இருக்கிறது. "இங்க வாங்கு, இல்ல அங்க வாங்கு. நடுரோட்டுல நிச்சயம் பண்ண முடியாதுடா" என்கிறாள் கூடவே அலையும் அக்கா, செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தபடி. காதலியிடம் சம்மதமா என்று இன்னும் கேட்கவே இல்லை என்பதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? போன் அதிர்கிறது. காதலியின் செய்தி. "விரல்ல தடம் இன்னும் போகல. மோதிர அளவுக்குத்தானே கட்டின? எந்தக் கடையில நிக்கிற? நானே வர்றேன்." அவன் இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். "ரெண்டுக்கும் நடுவுல" என்று தட்டி அனுப்புகிறான்.