பின்சக்கரத்துச் சத்தம்

"மறுபடியும் கத்துதுப்பா."

குசாகாபே நாலாவது தடவையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றார். வயது எண்பத்திரண்டு. பின்னால் குடையோடு மனைவி மிட்சுயோ.

மெக்கானிக் இனாபாவுக்கு அலுப்பாக இருந்தது. மூன்று தடவையும் அந்தப் பழைய காரின் பின்சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைத் துடைத்து மாட்டி, ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒரு முனகல்கூட இல்லை.

"எப்பத்தான் கத்துது, ஐயா?"

"நிறுத்தறப்ப. அதுவும் எப்பவாவதுதான்."

"நான் ஓட்டினா வாயே திறக்கலியே?"

"உன் காதையும் ஒரு தடவை கழட்டித் துடைச்சு மாட்டிக்கோ."

கிழவருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டான் இனாபா.

"சரி, நீங்களே ஓட்டுங்க. அம்மாவும் எப்பவும்போல முன்னாடி உக்காரட்டும். நான் பின்னாடி இருந்து கேக்கறேன்."

முந்தைய மூன்று தடவையும் பார்லி டீ குடித்தபடி பட்டறையிலேயே காத்திருந்த மிட்சுயோ, தயங்கித்தான் ஏறினார்.

அரிசி ஆலை முனையில் சிவப்பு விளக்கு. காரின் வேகம் குறையவில்லை.

இனாபா வாயைத் திறப்பதற்குள், மிட்சுயோவின் கை இருக்கைகளுக்கு நடுவே இறங்கி ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. பின்சக்கரம் கிரீச்சிட்டது. அப்புறம்தான் கிழவரின் கால் பிரேக்கைத் தேடிப் போனது.

"கேட்டியா? கேட்டியா?" என்றார் குசாகாபே.

மிட்சுயோ திரும்பி, 'சொல்லிவிடாதே' என்பதுபோல் தலையசைத்தார். அவர் மணிக்கட்டில் வலிக்கு ஒட்டிய மருந்துப் பட்டை.

சொன்னால் கிழவரின் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் உயிரே போகும்.

இருபத்தாறு வருஷத்தில் எந்த வண்டியையும் 'முடியாது' என்று இனாபா திருப்பியனுப்பியதில்லை. அந்த வட்டாரத்தில் அவனுக்கு அதுதான் பேர்.

பட்டறைக்கு வந்ததும் சொன்னான்: "இதை இனிமே சரி பண்ண முடியாது, ஐயா. இந்த மாடலுக்குச் சாமான் வர்றதில்ல. ஓட்டாதீங்க. வீட்டுல நானே கொண்டுவிடறேன்."

"பெரிய மெக்கானிக்! புது வண்டி வாங்கற வயசா எனக்கு? ஊருக்கு பஸ்ஸே ரெண்டுதான்!" தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, சாவியை மேஜைமேல் வீசினார் கிழவர்.

மிட்சுயோ அவர் முதுகுக்குப் பின்னால் இனாபாவுக்கு ஆழக் குனிந்து வணங்கிவிட்டு, காரிலிருந்த பையை எடுக்கப் போனார்.

மனைவியின் தலை மறைந்ததும் கிழவரின் குரல் தணிந்தது.

"மூணு தடவை சும்மா அனுப்பிட்டியேப்பா. முதல் தடவையே இதைச் சொல்லியிருந்தா, அவ மணிக்கட்டு இவ்வளவு வீங்கியிருக்காது."