பதியாத கட்டைவிரல்

போளூர் செல்போன் கடையின் கண்ணாடி மேசைமேல் ஒரே விலையில் இரண்டு போன்கள் வெள்ளை வெளிச்சத்தில் மின்னுகின்றன. ஒன்றில் பேட்டரி இரண்டு நாள் நிற்குமாம். மற்றதில் கேமராவும் விரல் பூட்டும் நன்றாக இருக்கின்றன. மலையிலிருந்து வந்திருக்கும் அம்மா செல்லம்மாவுக்கு இந்தக் கேமரா போன்தான் சரி என்கிறாள், இங்கே கல்லூரியில் படிக்கும் சசிகலா. “விரலப் பதிச்சிட்டா, தொட்டாலே தொறக்கும்ங்க” என்கிறார் கடைக்காரர். செல்லம்மா கட்டைவிரலை அழுத்துகிறாள். பதியவில்லை. மூன்றாம் முறையும் பதியாதபோது கடைக்காரர் போனை வாங்கித் துணியால் துடைக்கிறார். சசிகலாவுக்கு முகம் சுடுகிறது. “கைய நல்லா கழுவினு வரக் கூடாதாம்மா?” என்று பல்லைக் கடிக்கிறாள். “கழுவினுதாம்மா வந்தேன்.” செல்லம்மா கையை விரித்துக் காட்டுகிறாள். வருஷக்கணக்காகப் புளி உடைத்த அந்த விரலில் ரேகையே இல்லை. சசிகலா நிமிராமல் பேட்டரி போனைத் தொட்டு, “இதையே குடுங்க” என்கிறாள். “அதுதான நல்லாருக்குன்னு சொன்ன?” என்று கேட்டபடியே செல்லம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.