நம்ம ஊர் வாசனை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வர்சினாவுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் காப்பி இறங்கவில்லை.

ஜாவாவின் சிரேபோன் சந்தையில் தெராசி விற்கிறவள் அவள். இறாலை உப்புப் போட்டு இடித்துப் புளிக்க வைத்த அந்தக் கட்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "முதல் தரம்" என்று அவள் சொன்னால் போதும். சனம் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போகும்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. எந்த வாசனையும் தெரியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால், மூக்கில்லாத தெராசிக்காரியிடம் எவள் வாங்குவாள்?

இன்று சுகாதார நிலையத்தில் சந்தைக்காரர்களுக்கு மூக்குப் பரிசோதனை. போன வருடம் இதே மாதிரி பாட்டில்களை முகரச் சொன்னபோது தப்பித்துவிட்டாள். அதெல்லாம் வெளிநாட்டு வாசனை. என்னமோ மரம், என்னமோ பானம். சந்தையே எதை முகர்ந்தாலும் "தைலம்" என்றது. அவளும் "தைலம்" என்றாள். கூட்டத்தோடு தோற்பதில் ஒரு நிம்மதி.

இந்த வருடம் நிங்ரும் என்கிற அந்த டாக்டரம்மா விவரமாக வந்திருந்தார்.

"போன தடவை தப்பு உங்க மூக்குல இல்ல, எங்க பாட்டில்லதான். இப்ப எல்லாம் நம்ம ஊர் வாசனை. மூக்கு நல்லா இருக்கிற யாரும் இதைத் தப்பாச் சொல்ல முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். வர்சினாவும் தட்டினாள்.

போதாததற்கு, வரிசையில் அவளுக்கு அடுத்த ஆள் ரொக்காயா.

பூவும், பலகாரத்துக்கு வாசனை சேர்க்கும் பாண்டான் இலையும் விற்கிற பக்கத்துக் கடைக்காரி. விடிந்ததும் ஊரைக் கூட்டுவாள். "ஏடி வர்சினா, அந்தக் கட்டியைத் தூக்கி எறி! என் பூவெல்லாம் மயங்கி விழுது!" நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் போகிறதே என்று வர்சினா அதை எடுத்துக் குப்பைக் கோணியில் போடுவாள்.

அந்த வாய்க்குப் பயந்தே, மேற்பார்வையாளர் தர்ஜாவிடம் நடையாய் நடந்து, சந்தையின் அந்தக் கோடியில் ஒரு கடை கேட்டு வாங்கியிருந்தாள். வருகிற திங்களன்று மாறுகிறாள்.

"உக்காருங்கம்மா." டாக்டர் படங்களைப் பரப்பி, முதல் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "இது எந்தப் படம்?"

காற்றுதான் வந்தது.

"இவ்வளவு நேரம் என்ன யோசனை?" பின்பெஞ்சிலிருந்து ரொக்காயா. "கல்யாணப் பொண்ணு கொண்டையை முகர்ந்ததே இல்லையா நீ?"

"மல்லிகை!" என்றாள் வர்சினா. இந்த லூசு ரொக்காயா, தானாக விடையை உளறுகிறதே!

"நீங்க பேசக் கூடாதுக்கா" என்றார் டாக்டர். அடுத்த பாட்டில்.

"நான் பேசல. பாயசத்துக்குன்னு என் கடையில தினம் இலை பிச்சுட்டுப் போறவளுக்கு, இது கூடவா தெரியாது?"

"பாண்டான் இலை!"

"அக்கா!"

மூன்றாவதைத் திறந்ததும் ரொக்காயா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கடையிலதான் இவ பக்கத்துல உக்காந்து சாகுறேன்னா, இங்கயும் அதே நாத்தமா டாக்டரம்மா?"

"தெராசி!"

டாக்டர் பேனாவை வைத்தார். "போச்சு. இந்த மூணும் கணக்குல வராது. நீங்க வெளிய போங்கக்கா!"

ரொக்காயா முணுமுணுத்துக்கொண்டே போனாள். கதவு சாத்தப்பட்டது.

"இது கடைசி. இதுக்குப் படம் கிடையாது. நீங்களேதான் சொல்லணும்."

வர்சினா முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பின்பெஞ்சு கப்சிப்பென்று கிடந்தது. 'தைலம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மூன்று வருடமாக நடித்த களைப்பில் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு... ஒரு வாசனையும் தெரியல டாக்டரம்மா."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சபாஷ்!" என்றார் டாக்டர். "அது வெறும் தண்ணி. யார் அடிச்சு விடுறாங்கன்னு பாக்க வச்சது. காலையிலிருந்து அத்தனை பேரும் 'தைலம்'கிறாங்க! நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க."

உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு பாராட்டா? நிற்காமல் வெளியே ஓடினாள்.

வாசலில் ரொக்காயா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி ஆச்சு? நான் இல்லாம கடைசி பாட்டிலுக்கு என்ன சொன்ன?"

வர்சினா நின்றுவிட்டாள். "நீங்க இல்லாமன்னா?"

ரொக்காயாவின் பார்வை எங்கோ போனது. "அது... ஒண்ணுமில்ல. என் முறை, நான் உள்ள போறேன். நீ கடைக்குப் போனதும் மேல் வரிசையில இருக்கிற கட்டியைத் தூக்கி எறி. நாறித் தொலையுது. எவளாவது வாங்கித் தின்னு வயித்தைப் பிடிச்சுக்கப் போறா."

கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

வர்சினா அங்கேயே நின்றாள். மூன்று வருடமாக ஒரு வாடிக்கைக்காரி கூடக் கெட்ட சரக்கு என்று திருப்பிக்கொண்டு வந்ததில்லை. அதைத் தன் சாமர்த்தியம் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

கடைக்குப் போகும் வழியில் தர்ஜாவைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தக் கோடிக் கடை எனக்கு வேணாம்."

"என்னம்மா விளையாடுறியா? அந்த வாய் பக்கத்துல ஒரு நாள் கூட இருக்க முடியாதுன்னு அழுதியே!"

"இருந்துக்குறேண்ணே."

கடைக்கு வந்ததும் மேல் வரிசையில் இருந்த கட்டியை எடுத்துக் கோணியில் போட்டாள். பிறகு தன் கடைப் பலகையை ஒரு முழம் இழுத்து, ரொக்காயா கடையை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.